மஞ்சப்பையில் முதல் அச்சு: ஸ்கிரீன் பிரிண்டிங் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் காதணி விழாவோ கல்யாணமோ முடிந்து புறப்படுபவர் கையில் தேங்காய், வெற்றிலை பாக்குடன் கொடுக்கப்படும் தாம்பூலப் பையில், விழா வீட்டாரின் பெயரும் ஊரும் தேதியும் அச்சிடப்பட்டிருக்கும். துணிப்பையாக இருந்தால் அந்த அச்சு பெரும்பாலும் ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் கையால் இழுக்கப்பட்டதுதான். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை வந்ததும், 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதும் துணிப்பைக்கு மறுபடியும் ஒரு மதிப்பை உண்டாக்கின. ஐம்பது, நூறு பைகள் மட்டுமே வேண்டியவர் அவற்றைத் தாமே அச்சிட்டுப் பார்க்க விரும்பினால், நேர்வெயில் விழும் மொட்டை மாடியும், இருட்டாக்கக்கூடிய ஒரு குளியலறையும் இருந்தால் போதும்.

இந்தக் கட்டுரை பருத்தித் துணிப்பையில், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பிக்மென்ட் (நிறமி) மையால், ஒரே ஒரு நிறத்தில் அச்சிடுவதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. கல்யாணப் பத்திரிகை, ஸ்டிக்கர், டி-சர்ட் ஆகியவற்றையும் இதே முறையில் அச்சிடலாம் என்றாலும், ஒவ்வொன்றுக்கும் மெஷ் என்ற வலைத்துணி வேறு, மை வேறு, எமல்ஷனும் வேறு. கடைக்குப் போய் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி வந்து குழம்புவதைக் காட்டிலும் ஒன்றில் கை படிந்தபின் அடுத்ததற்குப் போவது நல்லது.

வேலையின் அடிப்படை இதுதான். பிரேம் என்ற சட்டத்தில் இழுத்து ஒட்டப்பட்ட நுண்ணிய வலைத்துணியின் மீது, ஒளி பட்டால் இறுகிப்போகும் எமல்ஷனைப் பூசி உலர்த்துகிறோம். அச்சிட வேண்டிய எழுத்தைக் கறுப்பாகத் தாங்கிய ஒரு தாளை அதன்மேல் வைத்து வெயில் காட்டுகிறோம். கறுப்பு மறைத்த இடம் இறுகாமல் தண்ணீரில் கரைந்து போய்விட, எஞ்சிய இடம் முழுவதும் அடைபட்டுவிடுகிறது. பிறகு மையை ஸ்க்யூஜி என்ற ரப்பர் பட்டையால் இழுக்கும்போது திறந்திருக்கும் கண்கள் வழியாக மட்டும் அது துணியில் இறங்குகிறது. புதிதாக வருபவர்கள் மை இழுக்கும் கட்டத்தைத்தான் முக்கியமான வேலை என்று எண்ணுகிறார்கள். அச்சு கெடுவதும் நன்றாக வருவதும் பெரும்பாலும் அதற்கு முன்பே, ஸ்கிரீனைத் தயாரிக்கும் கட்டத்திலேயே முடிவாகிவிடுகின்றன என்பதால், இங்கும் அந்தப் பகுதிதான் நீளமாக இருக்கும்.

எழுத்தும் பாசிடிவும்

தமிழ் எழுத்துக்கு ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தனிக் கவனம் வேண்டும். மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி, ‘ண’, ‘ஞ’, ‘இ’ போன்ற எழுத்துகளின் சுழிகள், ‘ழ’வின் கீழ்க்கால் ஆகியவை மிகச் சிறிய இடத்தில் அமைவதால், மெல்லிய எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் புள்ளி காணாமற் போகும் அல்லது சுழிக்குள் மை நிறைந்து கறையாக நிற்கும். சென்டிமீட்டருக்கு 43 இழைகள் கொண்ட 43 டி மெஷ்ஷில் ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையிலான தூரம் கால் மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஒரு கோடு இரண்டு மூன்று இழைகளின் அகலத்தையாவது கொண்டிருந்தால்தான் அது அச்சில் நிற்கும் என்பதால், அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகளை நம்பக் கூடாது. பருமனான எழுத்துருவில், எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாமல், வரிகளுக்கு நடுவே தாராளமாக இடம் விட்டு அமைப்பதே முதல் முயற்சிக்குப் பொருத்தம். விநாயகர் படமோ குத்துவிளக்கோ வேண்டுமானால், நிழல்களும் சாம்பல் நிறமும் இல்லாத வெறும் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகப் பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

டிடிபி கடையில் வடிவமைக்கக் கொடுப்பவர்கள், வேலை முடிந்ததும் எழுத்துகளைக் ‘கர்வ்’ ஆக (எழுத்துரு இல்லாமலே திறக்கும் கோட்டு வடிவமாக) மாற்றிப் பிடிஎஃப் கோப்பாகத் தரச் சொல்வது அவசியம். அங்கே பயன்படும் பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவும் யூனிகோடு அல்லாதவை என்பதால், கோப்பை வேறு கணினியில் திறக்கும்போது தமிழ் முழுவதும் ஆங்கிலக் குறிகளாக மாறி நிற்கக்கூடும்.

அந்தக் கோப்பை லேசர் பிரிண்டரில் ட்ரேசிங் பேப்பரில் அச்செடுத்தால் அதுவே பாசிடிவ். அதை வெயிலுக்கு எதிரே பிடித்துப் பார்க்கும்போது கறுப்புக்குள் ஒளி கசிந்தால் அது போதாது. அதே அச்சை இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் துல்லியமாகப் பொருத்தி ஒட்டிக்கொள்ளலாம். எழுத்தை இடவலமாகத் திருப்பி அச்செடுக்கத் தேவையில்லை. ட்ரேசிங் பேப்பரைக் கவிழ்த்து, டோனர் உள்ள பக்கம் ஸ்கிரீனின் வெளிப்பக்கத்தைத் தொடும்படி வைத்தால் தானாகவே சரியாகிவிடும்.

பிரேம், மெஷ், எமல்ஷன்

மெஷ் ஒட்டித் தயாராக உள்ள பிரேமை வாங்குவதே நல்லது. வீட்டில் கையால் இழுத்து ஸ்டேப்ளர் பின் அடிக்கும்போது மெஷ் எல்லாப் பக்கமும் ஒரே இறுக்கத்தில் அமைவது அரிது. தளர்ந்த மெஷ்ஷில் எழுத்தின் விளிம்பு இரட்டிப்பாக விழும். விரலால் தட்டினால் தவிலின் தோல்போல விண்ணென்று ஒலிக்க வேண்டும். அச்சிடும் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் குறைந்தது 8 முதல் 10 சென்டிமீட்டர் வெற்றிடம் இருக்கும்படி பிரேமின் உள்ளளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் மையைத் தேக்கி வைக்கவும் ரப்பர் பட்டை தங்கவும் அந்த இடம் தேவைப்படும். மெஷ்ஷின் எண் ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்பதைக் குறிக்கும். துணிக்கு 43 டி முதல் 61 டி வரை ஏற்றது. தமிழ் எழுத்து சிறிதாக இருந்தால் 61 டி கேட்கலாம். சில கடைகளில் அங்குலக் கணக்கில் சொல்வார்கள் என்பதால், சென்டிமீட்டர் எண்ணை 2.54 ஆல் பெருக்கிக்கொண்டு, 43 டி என்பது ஏறத்தாழ 110 என்றும் 61 டி என்பது ஏறத்தாழ 155 என்றும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பத்திரிகை அச்சடிப்பவர்கள் பயன்படுத்தும் 120 டி மெஷ்ஷைத் தெரியாமல் வாங்கி வந்தால் துணி மை அதன் கண்களில் அடைத்துக்கொள்ளும்.

எமல்ஷன் வாங்கும்போது இரண்டு செய்திகளைக் கடைக்காரரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று, தண்ணீர் மைக்குத் தாங்கும் எமல்ஷன் வேண்டும் என்பது. கரைப்பான் சார்ந்த மைகளுக்கென்று உள்ள சாதாரண எமல்ஷன் சில பைகள் அடித்த உடனேயே ஊறிக் கரையத் தொடங்கும். மற்றொன்று, ஒளியுணர்ச்சி தரும் சென்சிடைசர் டையசோ வகையாக இருக்க வேண்டும் என்பது. சிறிய அச்சகங்கள் பலவற்றில் விலை மலிவு என்பதற்காக ஆரஞ்சு நிறப் பைகுரோமேட் உப்பைக் கரைத்துக் கலப்பார்கள். அது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியச் சேர்மம். தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதோடு புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்றும் உறுதி செய்யப்பட்ட பொருள். வீட்டில், அதுவும் குழந்தைகள் புழங்கும் குளியலறையில், அதற்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

டையசோப் பொடியை அதன் சீட்டில் சொல்லியுள்ள அளவு தண்ணீரில் கரைத்து எமல்ஷனில் கலக்கி, குமிழிகள் அடங்கும்வரை சில மணி நேரம் மூடி வைக்க வேண்டும். கலந்த எமல்ஷன் மதுரை வெயில் காலத்தில் வெளியே இருந்தால் விரைவில் கெட்டுவிடும். ஒளி புகாத டப்பாவில், கலந்த தேதியை எழுதி ஒட்டி, உணவுப் பொருள்களோடு சேராமல் தனிப் பெட்டிக்குள் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் சில வாரங்களுக்கு வரும்.

பூசுதலும் உலர்த்துதலும்

புது மெஷ்ஷாக இருந்தாலும் எண்ணெய்ப் பசை நீங்கப் பாத்திரம் கழுவும் திரவத்தால் மென்மையாகத் தேய்த்துக் கழுவியாக வேண்டும். மதுரையில் பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பாக இருப்பதால் கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்ய வேண்டும். உலர்ந்த மெஷ்ஷில் உப்புப் படிந்த இடங்களில் எமல்ஷன் ஒட்டாமல் ஊசித் துளைகளாகும். கழுவியபின் மெஷ்ஷைக் கையால் தொடக் கூடாது.

பூசும் வேலையை இருட்டறையில், மஞ்சள் விளக்கு அல்லது சிவப்பு ஜீரோ வாட் பல்பின் ஒளியில் செய்யலாம். ஸ்கூப் கோட்டர் என்ற பூசும் தொட்டியில் எமல்ஷனை ஊற்றி, பிரேமைச் சற்றுச் சாய்த்து நிறுத்தி, முதலில் துணியைத் தொடப்போகும் வெளிப்பக்கத்திலும் பிறகு மை ஊற்றும் உட்பக்கத்திலும் கீழிருந்து மேலாக ஒரே சீராக ஒரு முறை இழுக்க வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று அடுக்கடுக்காகப் பூசுவதால் பயனில்லை; தடித்த பூச்சு சமமாக உலராது, வெயிலும் அதன் அடிவரை இறங்காது. பூசி முடித்ததும் வெளிப்பக்கம் கீழே பார்க்கும்படி கிடையாக, மூலைகளில் முட்டுக் கொடுத்து, இருட்டில் மின்விசிறிக் காற்று படும்படி வைக்க வேண்டும். சித்திரையில் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்துவிடும் ஸ்கிரீன், ஐப்பசி அடைமழையில் அரை நாளுக்கும் மேல் எடுத்துக்கொள்ளும். பாதி காய்ந்ததை வெயிலில் வைத்தால் கழுவும்போது மொத்தப் பூச்சும் உரிந்து வரும் என்பதால் இங்கே அவசரம் உதவாது.

வெயில் காட்டுதல்

கடைகளில் இதற்கென்று புற ஊதா விளக்குப் பெட்டி வைத்திருப்பார்கள். வீட்டில் வெயிலே போதும். அதுவும் தொலைவிலிருந்து நேர்க்கோட்டில் வரும் கதிர் என்பதால் எழுத்தின் விளிம்பு கூர்மையாக விழும்.

இருட்டறைக்குள்ளேயே அடுக்கி முடித்துவிட வேண்டும். ஒரு பலகையின்மேல், பிரேமின் உட்பகுதிக்குள் அடங்கும் அளவு ஸ்பாஞ்சைக் கறுப்புத் துணியால் சுற்றி வைத்து, அதன்மேல் பிரேமைக் கவிழ்த்தால் ஸ்பாஞ்சு மெஷ்ஷை உள்ளிருந்து மேலே தாங்கி நிற்கும். மெஷ்ஷின்மேல் டோனர் பக்கம் கீழாகப் பாசிடிவ், அதன்மேல் 4 அல்லது 5 மில்லிமீட்டர் கனமுள்ள சுத்தமான கண்ணாடி, நான்கு ஓரத்திலும் கிளிப். பாசிடிவுக்கும் எமல்ஷனுக்கும் இடையில் சிறிது இடைவெளி இருந்தாலும் வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்து எழுத்தைத் தின்றுவிடும். புள்ளிகள்தாம் முதலில் போகும். இந்த அடுக்கைக் கறுப்புத் துணியால் போர்த்தி மாடிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மதுரையில் சூரியன் உச்சியைத் தொடுவது கடிகாரத்தின் 12 மணிக்கு அல்ல, ஏறத்தாழ 12.15 மணிக்கு. ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் இறுதியிலும் அது ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே நிற்பதால் பலகையைத் தரையில் கிடத்தினாலே கதிர் செங்குத்தாக விழும். மார்கழியிலோ நண்பகலிலும் தெற்கே முப்பது பாகைக்கும் மேல் சாய்ந்திருக்கும் என்பதால் பலகையின் வடக்கு விளிம்பை உயர்த்தித் தெற்கு நோக்கிச் சாய்க்க வேண்டும். கணக்கெல்லாம் வேண்டாம் என்பவர்கள் ஒரு பென்சிலைக் கண்ணாடியின்மேல் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழல் மறையும்வரை பலகையைச் சாய்த்தால் போதும். சாய்வையும் போர்வையோடே சரிபார்த்துவிட்டு, பின்னரே துணியை விலக்க வேண்டும்.

எத்தனை நிமிடம் காட்டுவது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லை. எமல்ஷனின் வகை, பூச்சின் கனம், மேகம், மாதம் எல்லாம் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. ஆகவே முதல் ஸ்கிரீனைச் சோதனைக்காகவே ஒதுக்க வேண்டும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பவர்களே பெரும்பாலும் ‘எனக்கு வரவில்லை’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரே வரியை ஒன்றன்கீழ் ஒன்றாக ஐந்து முறை அமைத்த பாசிடிவை வைத்து, முழுவதையும் ஒரு நிமிடம் காட்டியபின் கனமான அட்டையால் முதல் வரியை மறைத்து இன்னொரு நிமிடம், பிறகு இரண்டு வரிகளை மறைத்து இன்னொரு நிமிடம் என்று நகர்த்திக்கொண்டு போனால், ஒரே ஸ்கிரீனில் ஒன்று முதல் ஐந்து நிமிடம் வரை ஐந்து அளவுகள் கிடைக்கும். முன்கூட்டியே கலந்து வரும் ஃபோட்டோபாலிமர் வகை எமல்ஷனென்றால் நிமிடக் கணக்கை வினாடிக் கணக்காகக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே கொண்டுவந்து, இருபுறமும் தண்ணீரால் நனைத்து, ஓரிரு நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பீய்ச்சலில் கழுவத் தொடங்கினால் விடை தானே தெரியும். வெயில் போதாத வரியில், உட்பக்கத்தைத் தொட்டால் வழவழப்பாக இருக்கும், எழுத்தைச் சுற்றிய பூச்சும் கரைந்து வரும். வெயில் மிஞ்சிய வரியில், எவ்வளவு கழுவினாலும் சுழிகளும் புள்ளிகளும் திறக்காது. வேகமாகத் தண்ணீர் அடித்துத் திறக்க முயன்றால் ஓரம் கிழியும். இரண்டுக்கும் நடுவே, புள்ளி திறந்தும் உட்பக்கம் வழுக்காமலும் நிற்கும் வரியின் நேரமே உங்கள் நேரம். அதே மாதத்தில், அதே மணியில், மேகமற்ற வானத்தின்கீழ் அது ஏறக்குறைய மாறாது.

உண்மையான ஸ்கிரீனையும் இப்படியே எடுத்து, நிழலில் உலர்த்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, தேவையற்ற ஊசித் துளைகளை மிச்ச எமல்ஷனைத் தூரிகையால் தொட்டு அடைத்து, மறுபடி சிறிது நேரம் வெயிலில் வைத்தால் பூச்சு மேலும் உறுதிப்படும். பிரேமின் உள்ஓரங்களைப் பழுப்பு டேப்பால் ஒட்டிவிட வேண்டும்.

துணியும் மையும்

புதுக் காடாத் துணியில் கஞ்சி இருக்கும். அதை அலசிக் காயவைத்துத் தேய்க்காமல் அச்சிட்டால் மை கஞ்சியின்மேல் உட்கார்ந்து, அடுத்த சலவையில் அதோடு போய்விடும். கூடுமானால் பை தைப்பதற்கு முன் வெட்டிய துணியிலேயே அச்சிடுவது நல்லது. தைத்த பைதான் இருக்கிறது என்றால், பையைவிடச் சற்றுச் சிறிய அட்டையை உள்ளே நுழைத்து, தையல் அட்டைக்கு வெளியே விழும்படி இழுத்து வைக்க வேண்டும். மை பின்பக்கத் துணிக்குக் கசியாமலும் அந்த அட்டை காக்கும். கடைகளில் கிடைக்கும் நான்-ஓவன் பைகளை இந்த முறைக்கு எடுக்க வேண்டாம். அவை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனவை. மையைப் பதப்படுத்தும் சூட்டில் சுருங்கி உருகும்.

மையைப் பைண்டர் (ஒட்டும் பசை), பிக்மென்ட் (நிறமி), பிக்சர் (நிறத்தை நிலைநிறுத்துவது) என்று தனித்தனியாக வாங்கிக் கலக்க வேண்டும். பைண்டர் 100 கிராமுக்குப் பிக்மென்ட் 5 கிராம் அளவில் தொடங்கி, நிறம் போதவில்லையென்றால் 10 கிராமுக்கு மிகாமல் கூட்டலாம். அதற்கு மேல் போனால் ஒட்டுவதற்குப் பைண்டர் போதாமல் நிறம் கையில் வரும். பிக்சரின் அளவை டப்பாவில் உள்ளபடி வைத்துக்கொள்வதே சரி. மஞ்சள் துணியில் நிறத் தேர்வு இன்னொரு சிக்கல். இந்த மை ஒளி ஊடுருவுவது என்பதால் நீலத்தை அடித்தால் பச்சையாகத் தெரியும், ரோஜா நிறம் செங்கல் நிறமாக மாறும். சிவப்பு, அரக்கு, கரும்பச்சை, கறுப்பு ஆகியவை ஏமாற்றாதவை.

அச்சிடுதல்

மேசையில் மடித்த போர்வையை விரித்து அதன்மேல் ரெக்ஸின் போர்த்தினால் துணி அச்சுக்கு ஏற்ற மென்மை கிடைக்கும். பிரேமின் ஒரு விளிம்பைக் கீல் கிளாம்பில் பொருத்தி, எதிர் விளிம்பின் அடியில் ஒரு ரூபாய் நாணயங்கள் இரண்டை அடுக்கி ஒட்டிவிட்டால், மெஷ்ஷுக்கும் துணிக்கும் இடையே சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளி உண்டாகும். இந்த இடைவெளி இருந்தால்தான் ஸ்க்யூஜி கடந்துபோனதும் மெஷ் துணியிலிருந்து உடனே விலகி, எழுத்து இழுபடாமல் நிற்கும். பை எந்த இடத்தில் வர வேண்டும் என்பதை மேசையில் டேப்பால் மூலைக்குறி இட்டு வைக்க வேண்டும்.

ஸ்கிரீனைத் தூக்கிய நிலையில், மையை ஓரத்தில் ஊற்றி, அழுத்தாமல் ஒருமுறை பரப்பினால் கண்கள் மையால் நிறையும். பிறகு ஸ்கிரீனை இறக்கி, ஸ்க்யூஜியை மேசையிலிருந்து ஏறத்தாழ 60 பாகைக் கோணத்தில் சாய்த்து இரு கைகளாலும் பிடித்து, ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில், நடுவில் நிறுத்தாமல் தன்னை நோக்கி இழுக்க வேண்டும். துணிக்கு இரண்டாவது இழுப்பும் தேவைப்படலாம். ஆனால் இரண்டு இழுப்புக்கும் நடுவில் ஸ்கிரீனைத் தூக்கிப் பார்த்தால் எழுத்து இரட்டையாகிவிடும். முதல் சில அச்சுகளைப் பழைய வேட்டித் துணியில் எடுத்துப் பார்த்தபின் பையைத் தொடுங்கள். எழுத்தின் ஓரம் ஊறிப் பரவினால் மை நீர்த்திருக்கிறது அல்லது அழுத்தம் அதிகம். நடுநடுவே வெளுத்திருந்தால் அழுத்தம் சமமாக இல்லை அல்லது மெஷ்ஷில் மை காயத் தொடங்கியிருக்கிறது.

இந்த ஊரில் தண்ணீர் மைக்குப் பெரிய எதிரி சூடும் மின்விசிறியும். அச்சிடும் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, காலை ஆறு மணிக்குத் தொடங்கி வெயில் ஏறும் முன் முடித்துவிடுவது நல்லது. ஒவ்வொரு அச்சுக்குப் பின்னும் உடனே மையைப் பரப்பி மூடிவிட வேண்டும். கண்கள் வெறுமையாக இருந்தால்தான் காய்ந்து அடைக்கும். யாராவது வந்து கூப்பிட்டால், கதவைத் திறக்கப் போகும் முன்பும் மையைப் பரப்பிவிட்டுப் போக வேண்டும். அடைக்கத் தொடங்கிய இடத்தை ஈரத் துணியால் அடிப்பக்கத்திலிருந்து ஒற்றினால் பெரும்பாலும் திறக்கும்.

அச்சிட்ட பைகளை நிழலில் ஒரு நாள் காயவிட்டு, அச்சின்மேல் மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, ஆவியில்லாத இஸ்திரிப் பெட்டியைப் பருத்திக்குரிய சூட்டில் வைத்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே ஒவ்வொரு பகுதிக்கும் மூன்று நான்கு நிமிடம் தேய்க்க வேண்டும். பைண்டர் இறுகுவதற்கு ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. மாடி வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் அதற்கு ஈடாகாது. ஒரு பையை மட்டும் சோப்புப் போட்டுத் துவைத்துப் பார்த்தபின் மற்றவற்றைக் கொடுக்கலாம்.

முடித்தபின்

மிஞ்சிய மையை வழித்து டப்பாவில் சேர்த்ததும் ஸ்கிரீனைக் கழுவிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த மெஷ் திரும்பாது. வேறு படத்துக்கு அதே பிரேம் வேண்டுமென்றால், எமல்ஷனை நீக்கும் டீகோட்டிங் பொடியை வாங்கிக் கரைத்துப் பூசலாம். பிளீச்சிங் பவுடர் கரைசலும் எமல்ஷனைக் கரைக்கும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிட் எதுவும் பிளீச்சிங் பவுடரோடு சேரக் கூடாது, சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். மிஞ்சிப்போன எமல்ஷனைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய அட்டையில் பரப்பி வெயிலில் இறுகவைத்துக் குப்பையில் சேர்க்கலாம்.

குடும்பத்தில் அடுத்தடுத்து விசேஷம் வரும் என்று தெரிந்தவர்கள், வீட்டுப் பெயரையும் ஊரையும் மேல்பகுதியிலும், விழாவின் பெயரையும் தேதியையும் மூன்று விரற்கிடை தள்ளிக் கீழ்ப்பகுதியிலும் அமைத்தால், அடுத்த முறை கீழ்ப்பகுதியை டேப்பால் அடைத்துவிட்டு மேல்பகுதியை மட்டும் அதே ஸ்கிரீனில் அச்சிடலாம். புதுத் தேதிக்குச் சிறிய பிரேம் ஒன்று போதும்.